பதினஞ்சு நிமிஷமும் புளியங்கொட்டையும்

நம்ம ஊர் ஸ்கூல்ல பி.டி. பீரியட்னா அது கணக்கு டீச்சரோட சொத்து மாதிரி. உதயநிதி விளையாட்டுத்துறை அமைச்சரா இருந்தப்போ மேடையிலயே சொன்னார், அந்த பீரியட கடன் வாங்காதீங்கன்னு, ஸ்டாஃப் ரூம்ல நாங்க எல்லாரும் சிரிச்சோம். அப்படி சிரிக்க எனக்கு பெரிய உரிமை இல்ல, அஞ்சாங்கிளாஸுக்கு எல்லா பாடமும் நானேதான், அதனால விளையாட்டு பீரியட என்கிட்டேருந்து நானே திருடிக்கிட்டு இருந்தேன்.

அப்புறம் ஸ்காட்லாந்து கதை ஒண்ணு படிச்சேன். ஸ்டர்லிங்னு ஒரு ஊர், செயின்ட் நினியன்ஸ் ஆரம்பப்பள்ளி, 2012 பிப்ரவரி, எலைன் வைலின்னு ஹெச்எம். பிள்ளைங்கள மைதானத்த ஒரு சுத்து ஓட விட்டா பாதிப் பேருக்கு மேல மூச்சு வாங்குது. சரி, தினமும் 15 நிமிஷம் வெளிய விடுவோம்னு ஆரம்பிச்சாங்க, ஒரு மாசத்துல ஒரு மைல் ஓட ஆரம்பிச்சிட்டாங்களாம். டிரெஸ் மாத்த வேணாம், சாமான் வாங்க வேணாம், போட்டி கிடையாது, முடியாதவங்க நடக்கலாம். டெய்லி மைல்னு பேரு வச்சு இன்னைக்கு எத்தனையோ நாட்டுல நடக்குது. அந்தக் குளிர்லயும் தூறல்லயும் அவங்க போறாங்க, நமக்கு என்ன கேடுன்னு தோணுச்சு.

மைதானத்த அளந்தேன், ஒரு சுத்து கிட்டத்தட்ட 150 மீட்டர், 11 சுத்துன்னா ஒரு மைல். மதியம் வெயில்ல முடியவே முடியாது, அதனால காலைல பிரேயர் முடிஞ்ச கையோட. முதல் நாள் மூணாவது சுத்துலயே பாதி கிளாஸ் வேப்பமரத்தடியில உக்காந்துடுச்சு. ஒருத்தனுக்கு செருப்பு வார் அந்து போச்சு, ஊக்கு குத்திக் கொடுத்தேன், மறுநாள் அந்த ஊக்கோடயே வந்து ஓடுறான்.

ரெண்டு அம்மாங்க யூனிஃபார்ம் அழுக்காகுது, பிள்ளை வேர்த்து ஊத்திட்டு கிளாஸ்ல உக்காருதுன்னு வந்து சண்டை போட்டாங்க. வேர்க்கத்தாங்க்கா விடுறேன்னு சொன்னேன், அவங்களுக்கு அது பிடிக்கல.

ஆனா நான் செஞ்ச தப்பு வேற. சுத்து எண்ணிக்கை மறந்துடக் கூடாதுன்னு ஆளுக்கு ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு புளியங்கொட்டை குடுக்க ஆரம்பிச்சேன். ஒரே வாரத்துல அது ரேங்க் கார்டு ஆயிடுச்சு, உன்கிட்ட எத்தனை என்கிட்ட எத்தனைன்னு. கொஞ்சம் குண்டா ஒரு பொண்ணு, தினமும் சிரிச்சிக்கிட்டே நடக்குறவ, வயித்து வலி டீச்சர்னு வகுப்புலயே உக்காந்துட்டா. அதே வாரம் ஒரு பையன் 19 கொட்டை காட்றான், பதினஞ்சு நிமிஷத்துல 19 சுத்தாடா, நீ என்ன பஸ்ஸான்னு கேட்டா முழிக்கிறான், வீட்டு புளிப்பானையிலேருந்து பாக்கெட்ல போட்டு எடுத்துட்டு வந்திருக்கான்!

போட்டி வேணாம்னு அவ்வளவு தெளிவா சொல்லியிருந்தத படிச்சிட்டும் நம்ம புத்தி மார்க் போடாம இருக்க மாட்டேங்குது பாருங்க.

கொட்டைய நிறுத்திட்டேன். யாரும் எண்ணல, விசில் அடிச்சா போகணும், விசில் அடிச்சா வரணும், அவ்வளவுதான். அந்தப் பொண்ணு ரெண்டு நாள் ஜன்னல் வழியா பாத்துட்டு இருந்துட்டு மூணாவது நாள் தானே இறங்கி வந்தா. கூட நடக்க ஆள் வேணும்னு சொன்னா, இப்ப நான்தான் நடக்குறேன், ஆறாவது சுத்துல எனக்குத்தான் மூச்சு இளைக்குது.