ஆட்டின் தலையில் புள்ளி வைத்த பிறகு

மூன்று சனிக்கிழமைகளாகப் குமரி மாவட்டத்துப் பூதப்பாண்டி அருகே ஒரு குளத்தங்கரையில் நின்று செம்மறிகளைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்த வயலில், எருவுக்காகக் கிடை போட வந்த மந்தை அது. மேயும்போது ஆடுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு இடம் விடுகின்றன, அதைச் சின்னதாக ஒரு கணித மாதிரியில் கொண்டுவர முடியுமா என்று பார்க்க ஆசை.

கரையிலிருந்து எடுத்தால் தூரத்து ஆடுகள் நெருங்கியே தெரியும். அதனால் வயலில் 20 மீட்டர் சதுரமாக நான்கு மூங்கில் கம்பு நட்டேன். படத்தில் அந்தச் சதுரம் எப்படிக் கோணுகிறது என்று பார்த்து, ஒவ்வோர் ஆட்டின் நடு முதுகிலும் நான் வைத்த புள்ளிகளைத் தரை அளவுக்கு மாற்ற பைத்தான் நிரல்மொழியில் சில வரி போதும்.

ஒரு வயலில் தனியே மேய்ந்த 34 ஆடுகளை எடுத்துக்கொண்டேன். ஒவ்வோர் ஆட்டுக்கும் மிக அருகில் நிற்கும் ஆட்டின் தூரத்தை அளந்ததில் சராசரி 1.6 மீட்டர். கிளார்க், இவான்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1954-இல் தந்த கணக்கு இருக்கிறது. தூவிவிட்டது போல நின்றால் இந்தச் சராசரி எவ்வளவு வரும் என்று கண்டு, அளந்த தூரத்தை அதால் வகுக்க வேண்டும். 1-க்குக் கீழே வந்தால் கூட்டம், மேலே போனால் விலகல். வயல் முழுவதும், அதாவது 60 சென்ட், என்று வைத்தால் 0.38 வருகிறது. ஆடுகள் நின்ற 10 சென்ட் மட்டும் என்றால் 0.93! அதே ஆடுகள், அதே நிமிடம். எல்லையை எங்கே போடுகிறோம் என்பதே விடையை மாற்றிவிடுகிறது. இதில் ஒரு வாரம் போனது. கடைசியில் அந்த எண்ணை விட்டுவிட்டு, தூரங்களையே நேராகப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

மாதிரியில் ஒரு மீட்டருக்குள் வந்தால் விலகு, மூன்று மீட்டரைத் தாண்டினால் நெருங்கு என்று விதி வைத்தேன். சராசரி பொருந்தியது, ஆனால் திரையில் ஓடியது மந்தை மாதிரி இல்லை. மடிக்கணினியை ஆட்டுக்கார அண்ணாச்சியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, ஆடு உடம்பாலயா மேயுது? வாயாலதான மேயுது. புள்ளிய நடு முதுகுல வச்சா எப்படி?" என்றார்.

சரி என்று எல்லாப் படங்களிலும் தலையில் புள்ளி வைத்து மறுபடி அளந்தேன். பக்கவாட்டில் 0.9 மீட்டர் வரை ஒட்டி நிற்கின்றன. முகத்துக்கு நேரே மட்டும் இரண்டு மீட்டருக்கு மேல் காலியாக விடுகின்றன. அடுத்த வாய்க்கான நெல் தாளும் புல்லும் அங்கேதானே இருக்கிறது. ஆட்டைச் சுற்றிய வட்டத்தை எடுத்துவிட்டு, முன்னால் நீண்ட முட்டை வடிவம் கொடுத்ததும் மாதிரி நடக்க ஆரம்பித்தது. அன்று ராத்திரி சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

ஒன்று மட்டும் இன்னும் வரவில்லை. 2015-இல் ஜினெல்லி என்ற ஆய்வாளரின் குழுவினர் 100 மெரினோ இனச் செம்மறிகளை வைத்து எழுதியது போலவே இங்கும் மந்தை மெதுவாகப் பரவி, திடீரென ஒரே ஓட்டமாய்ச் சேர்ந்துகொள்கிறது. என் மாதிரியில் ஓடும் ஆடுகள் பரவ மட்டுமே செய்கின்றன. பக்கத்து ஆடு ஓடினால் தானும் ஓடு என்ற விதியைச் சேர்க்கப்போகிறேன்.

அடுத்த கிடை இறச்சகுளம் பக்கம் என்று அண்ணாச்சி சொன்னார். மூங்கில் கம்பு நான்கையும் ஸ்கூட்டரில் கட்டி வைத்தாயிற்று.