அம்மாவோட 1979 டிகிரிக்கு டூப்ளிகேட் வாங்கறதுக்குள்ள...

நீலகிரில 82க்கு முன்னாடி டிகிரி முடிச்சவங்க யாராவது உங்க வீட்ல இருந்தா இதைப் படிச்சிட்டு அப்புறம் பஸ் ஏறுங்க. எங்களை அநியாயத்துக்கு அலைய விட்டாங்க, கடுப்பு இன்னும் அடங்கல.

அம்மா குன்னூர் பிராவிடன்ஸ் காலேஜ்ல பி.ஏ., 76ல இருந்து 79 வரை. ரிட்டயர் ஆகி இத்தனை வருஷம் கழிச்சு தபால்ல எம்.ஏ. படிக்கணும்னு ஆசை வந்துச்சு. டிகிரி சர்டிபிகேட்டை எடுத்துப் பாத்தா, எப்பவோ ஒரு கடைல லேமினேட் பண்ணிக் குடுத்தது, உள்ள ஈரம் மாட்டி பூஞ்சை படர்ந்து, பேரு பாதி, ரிஜிஸ்டர் நம்பர் சுத்தமா காலி, வெறும் நீலக் கறைதான். எங்க ஊரு மிஸ்ட்டுக்கு லேமினேஷன் மட்டும் பண்ணிடாதீங்க, பிரிச்சா பேப்பரும் சேந்து உரிஞ்சு வருது.

ஸ்டடி சென்டர்ல இருந்த கிளார்க் (எந்த ஊரு சென்டர்னு சொல்ல வேணாம்) கம்ப்யூட்டர்ல இருந்து தலையத் தூக்காமயே, "நீலகிரி காலேஜ் எல்லாம் பாரதியார் யுனிவர்சிட்டிம்மா, கோயம்புத்தூர் போய் டூப்ளிகேட் வாங்கிட்டு வாங்க"ன்னுட்டாரு. அம்மா, "எங்க காலத்துல மெட்ராஸ் யுனிவர்சிட்டி தம்பி"ன்னாங்க. அதுக்கு அவரு, "வயசாயிருச்சில்லம்மா, மறந்திருப்பீங்க"! சரின்னு மேட்டுப்பாளையம் இறங்கி, பஸ் மாறி, மருதமலை ரோடு வரைக்கும் போனா, கவுன்ட்டர்ல இருந்தவங்க பாவம் உடனே சொல்லிட்டாங்க, இந்த யுனிவர்சிட்டி ஆரம்பிச்சதே 1982லதான், அதுக்கு முன்னாடி இந்தப் பக்கத்து காலேஜ் எல்லாமே மெட்ராஸ் கீழதான், சேப்பாக்கத்துக்கு அப்ளை பண்ணுங்கன்னு. திரும்பி வரும்போது பர்லியார் தாண்டற வரைக்கும் அம்மா ஒரு வார்த்தை பேசல.

அப்ளை பண்ண ரிஜிஸ்டர் நம்பர் வேணுமே, அதுக்கு காலேஜுக்கே போனோம். கனமான பழைய அட்மிஷன் ரிஜிஸ்டர், ஓரமெல்லாம் பழுப்பு. தாத்தா தொழில்ங்கிற இடத்துல விவசாயம்னு எழுதி, கீழ அம்மாவோட அந்த வயசுக் கையெழுத்து. இப்ப போடற கையெழுத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, அம்மா அதையே தடவித் தடவிப் பாத்துட்டு இருந்தாங்க.

அந்தக் காலேஜ் இல்லன்னா அம்மாவுக்கு டிகிரியே இல்லங்க. ஊட்டில 1955லயே கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ் வந்தாச்சு, ஆனா பசங்களோட உக்காந்து படிக்க அனுப்ப மாட்டேன்னு தாத்தா ஒத்தக்கால்ல நின்னாராம். கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் பணமில்ல. 1966ல டார்ப்ஸ் செயின்ட் ஜோசப் சபை சிஸ்டர்ஸ் பொண்ணுங்களுக்குன்னே குன்னூர்ல ஆரம்பிச்சதாலதான் "சிஸ்டருங்க காலேஜ்னா போகட்டும்"னு இறங்கி வந்திருக்காரு. அந்த சபை 1843ல பிரான்ஸ்ல, லூர்து மாதா கோயில் இருக்கற அதே மறைமாவட்டத்துல ஒரு மலையடிவார கிராமத்துல உருவானது. மதம் மாத்திருவாங்கன்னு ஊர்ல பயமுறுத்தினவங்களும் உண்டு. அம்மாவுக்கு நடந்தது என்னமோ மாரல் சயின்ஸ் கிளாஸும், லேட்டா போனா சிஸ்டர்கிட்ட வாங்கின திட்டும்தான்.

சேப்பாக்கம் வேலை லேட்டாச்சு, ஆனா சிக்கல் இல்லாம முடிஞ்சிருச்சு. சர்டிபிகேட் தொலைஞ்சதுக்கு வேற ரூல், வீணானதுக்கு வேற ரூல், கேட்டுட்டு எழுதுங்க. பூஞ்சை புடிச்ச ஒரிஜினலைத் தூக்கிப் போட்டுராதீங்க, கேப்பாங்க.

எல்லாத்தையும் எடுத்துட்டு மறுபடி அதே கிளார்க். "பிளஸ் டூ மார்க்ஷீட் எங்கம்மா?" எனக்கு வந்துச்சே கோவம். தமிழ்நாட்டுல பிளஸ் டூ ஆரம்பிச்சதே 1978ல, அம்மா பதினொன்னாவதுல எஸ்எஸ்எல்சி, அப்புறம் காலேஜ்லயே ஒரு வருஷம் பியூசி (டிகிரிக்கு முன்னாடி படிக்கற ப்ரீ-யுனிவர்சிட்டி கோர்ஸ்), அந்த மார்க்ஷீட் நல்லபடியா கையில இருக்கு. "பியூசின்னு சாஃப்ட்வேர்ல ஆப்ஷனே இல்ல"ங்கறாரு! நல்லவேளை காலேஜ்ல பியூசி ஒரு வருஷம், பி.ஏ. மூணு வருஷம், ரெண்டுமே மெட்ராஸ் யுனிவர்சிட்டின்னு லெட்டர்ஹெட்ல எழுதி சீல் வச்சு வாங்கிருந்தோம். கண்டிப்பா நீங்களும் வாங்கிக்கோங்க. அதை கோஆர்டினேட்டர் டேபிள்ல வச்சதும், பிளஸ் டூ மார்க் போடற கட்டத்துலயே பியூசி மார்க்கை ஏத்திக்கங்கன்னு சொல்லிட்டாங்க.

அட்மிஷன் போட்டாச்சு. கிளம்பும்போது கிளார்க் மெதுவா, "அம்மா, அந்த லெட்டர் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கட்டுமா, இதே மாதிரி இன்னொருத்தங்க வந்திருக்காங்க"ங்கறாரு. "எடுத்துக்கோங்க தம்பி, மறந்துராதீங்க"ன்னாங்க அம்மா.