பூண்டுக்கு ஏங்கிய ஆத்துமா

கொடைக்கானல் மலையில் இருக்கும் மன்னவனூரில் மலைப்பூண்டு போடுகிற குடும்பம் எங்களுடையது. அதனாலோ என்னவோ, வேதாகமத்தில் எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்து அழுகை எனக்கு நெருக்கமானது. வனாந்தரத்தில் கர்த்தர் கொடுத்த மன்னா என்கிற உணவையே தின்று சலித்த இஸ்ரவேலர் எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் வெள்ளைப்பூண்டையும் நினைத்து அழுகிறார்கள். "எங்கள் ஆத்துமா வறண்டுபோயிற்று" என்பதுதான் எபிரெய மூலத்தில் அவர்கள் சொல்வது. உபாகமம் 6:5 "உன் முழு ஆத்துமாவோடும்" கர்த்தரிடத்தில் அன்புகூரச் சொல்கிறதே, அங்கேயும் இதே ஆத்துமாதான். பூண்டுக்கு ஏங்குகிற அதே ஆத்துமாவைத்தான் கர்த்தர் கேட்கிறார்!

ஆத்துமா என்றதும் செத்தபின் உடம்பை விட்டுப் பிரிவதைத்தான் பலரும் நினைக்கிறார்கள். ஆதியாகமம் 2:7 படித்துப் பாருங்கள். மண்ணால் உருவான மனுஷன், நாசியில் சுவாசம் ஊதப்பட்டதும் ஜீவாத்துமா ஆனான் என்றிருக்கிறது. முழு ஆளும் ஆத்துமா. அதற்குப் பசிக்கும், மூச்சு வாங்கும். நீதிமொழிகள் 25:25இல் விடாய்த்த ஆத்துமாவுக்குக் குளிர்ந்த தண்ணீர் கிடைக்கிறது.

"முழு ஆத்துமாவோடும்" என்பதற்கு "அவர் உன் உயிரையே எடுத்தாலும்" என்று யூதர்களின் பழைய சட்டத்தொகுப்பான மிஷ்னா விளக்கம் தருகிறது. ரோமர்கள் வதைத்தபோது ரபி அகிபா என்ற யூத போதகர், இந்த வசனம் அடங்கிய ஷெமா என்னும் ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே உயிர்விட்டார் என்கிறது மிஷ்னாவை விரித்துப் பேசும் தால்மூத். அதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நடுங்கும். என்னிடம் உயிரைக் கேட்கும் நாள் வராமலே போகலாம். ஆனால் அறுவடை வருகிறது. நாள் முழுக்கக் குனிந்து பூண்டு பிடுங்கி, தாளோடு கட்டி முடித்த ராத்திரி, ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வராது. இடுப்பு வலியோடு சும்மா கர்த்தர்முன் உட்கார்ந்திருப்பேன். அதையும் அன்புகூருதல் என்றே நம்புகிறேன். களைத்துப்போன இந்த ஆள்தானே அவர் கேட்ட ஆத்துமா?

அப்புறம், யாத்திராகமம் 23:12. மாடும் கழுதையும் ஓய, வேலைக்காரியின் பிள்ளையும் அந்நியனும் இளைப்பாற ஓய்வுநாள். அடுத்தவர் ஆத்துமாவுக்கு மூச்சுவிட இடம் கொடுக்காமல் என் ஆத்துமாவால் மட்டும் எப்படிக் கர்த்தரை நேசிப்பது? ஆதியாகமம் முதல் அதிகாரத்தின் எபிரெயம் மிருகங்களையும் ஜீவ ஆத்துமா என்றே அழைக்கிறது. எங்கள் சுமைக்குதிரையும் அதில் சேர்த்திதான். வடுகபட்டிச் சந்தையில் விலை ஏறினாலும் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூண்டு பிடுங்குவதில்லை. வேலைக்கு வரும் அக்காக்களுக்கு அன்றைய கூலியும் கொடுக்கவேண்டும் என்பது என் ஆசை. கூலி போய்விட்டால் அவர்கள் வேறு தோட்டத்துக்குத்தான் போவார்கள், ஓய்வு எங்கே? அப்பாவுக்கு இதில் இன்னும் முழுச் சம்மதம் இல்லை. சரி, பேசிக்கொண்டிருக்கிறேன்.