ஒன்றைத் தாண்டிய ஆர்.எஃப்.

பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் மூன்று முறை கேட்டுவிட்டார். விளையாட்டுப் போட்டி, ஆண்டு விழா பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு மறக்காதது வேதியியல் ஆய்வுக்கூடத்தின் மூலை மேசைதான். அங்கேதான் மென்படல வண்ணப்பிரிகை செய்தோம்; ஒரு கலவையில் உள்ளவற்றைத் தகட்டின்மேல் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் முறை அது. டி.எல்.சி. என்று சொன்னால்தான் என் வகுப்புத் தோழர்களுக்கு ஞாபகம் வரும்.

கண்ணாடிமேல் சிலிக்கா படலம் பரப்பிய தகடுகளை நாங்களே செய்தோம். டப்பாவில் 'சிலிக்கா ஜெல் ஜி' என்றிருக்கும். ஜி என்றால் ஜிப்சம், படலம் கண்ணாடியில் ஒட்டுவதற்காகச் சேர்ப்பது. 1950களில் எகோன் ஷ்டால் இந்த முறையை ஒழுங்குபடுத்தினார் என்று ஆசிரியர் சொன்னார். நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றதில் தண்ணீரில் குழைத்த கூழ் குடுவையிலேயே இறுகிவிட்டது. மறுபடி குழைத்து, கால் மில்லிமீட்டர் கனத்தில் பரப்பி, 110 டிகிரியில் காயவைத்தோம். விரல் பட்டாலே உதிர்ந்துவிடும்.

முதலில் இலைச்சாறு. சுடரில் இளக்கி இழுத்த மயிரிழைக் கண்ணாடிக் குழாயால், பென்சில் கோட்டின்மேல் ஒரு சிறு புள்ளி. பேனாவால் கோடு போட்டால் மையும் சேர்ந்து ஏறிவிடும். ஜாடியில் ஹெக்சேனும் அசிட்டோனும் கலந்த கரைப்பான், புள்ளி நனையாத உயரத்துக்கு. கொஞ்ச நேரத்தில் அந்த ஒற்றைப் பச்சை பிரிந்தது. உச்சியில் கரோட்டினின் மஞ்சள், கீழே நீலம் கலந்த பச்சை, அதற்கும் கீழே மஞ்சள் கலந்த பச்சை. முனைவுத்தன்மை (மூலக்கூறில் நேர், எதிர் மின்முனைகள்) உள்ளதைச் சிலிக்கா பிடித்து நிறுத்தும். கரோட்டினிடம் பிடிக்க எதுவும் இல்லை, ஓடிவிடும்.

அடுத்த வாரம் நிறமில்லாத ஒரு கலவை. கரைப்பான் ஏறிய எல்லையை மட்டும் பென்சிலால் குறித்துவிட்டு, தகட்டை அயோடின் ஜாடிக்குள் வைத்தேன். இரண்டு பழுப்புப் புள்ளிகள் மெல்ல எழுந்தன. வெளியே எடுத்து எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தேன். அளக்க உட்கார்ந்தபோது தகடு வெள்ளை வெளேரென்று இருந்தது! அயோடின் ஆவியாகிவிடும் என்று பாடத்தில் படித்தவன்தான் நான். சரி, கண்ணில் நிற்கிறதே என்று மனக்கணக்கில் எழுதினேன்: கரைப்பான் 6.5 செ.மீ., புள்ளி 7.2 செ.மீ., ஆர்.எஃப். (புள்ளி ஏறிய தூரத்தைக் கரைப்பான் ஏறிய தூரத்தால் வகுத்தது) 1.11.

ஆசிரியர் பதிவேட்டைப் பார்த்தார். கோபப்படவில்லை.

"கரைப்பான் வராத இடத்துக்கு உன் புள்ளி எப்படித் தம்பி போயிற்று?"

நான் வாய் திறக்கவில்லை. தகட்டை வாங்கி மறுபடி அயோடின் ஜாடிக்குள் இறக்கினார். போன இரண்டு புள்ளிகளும் அதே இடத்தில் பழுப்பாகத் திரும்பி வந்தன. என் சட்டைப் பையிலிருந்த பென்சிலை அவரே எடுத்து என் கையில் கொடுத்தார். வட்டமிட்டு அளந்தேன். 4.1, 2.2. வகுத்தால் 0.63, 0.34.

அப்புறம் 1.11-ஐ அடிக்கப் போனேன். அவர் விடவில்லை. அதைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டு, "இது மறையாது" என்றார்.