கட்டுரையில் 31 ‘ஒரு’

மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில், பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். வீட்டில் இத்தீவின் பேச்சுமொழியான கிரியோல், வகுப்பில் தமிழ் என்று வளர்ந்தவள். கோர் தெ கார்து மலைச் சரிவிலுள்ள முருகன் கோயிலுக்குச் சிறுவயதில் பாட்டியோடு தைப்பூசக் காவடி பார்க்கச் சென்றதைப் பற்றி விழா மலர் ஒன்றுக்கு எழுதிக் கொடுத்த கட்டுரை, ஓரமெல்லாம் பென்சில் குறிகளோடு திரும்பி வந்தது. “படித்தால் மொழிபெயர்ப்பு மாதிரி இருக்கிறது, டீச்சர்” என்று தொகுப்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். இலக்கணப் பிழை என்றால் திருத்திவிடலாம். இதை எங்கே தொட்டுத் திருத்துவது?

அப்போதுதான் உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தை மறுபடி எடுத்தேன். 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்து, 1942இல் அவர் மறைந்ததால் 122 அத்தியாயங்களோடு நின்றுபோன நூல். முன்பு கதைக்காகப் படித்ததை இம்முறை வாக்கியத்துக்காகப் படித்தேன். முதலில் சில நாள் அப்படியே பார்த்தெழுதினேன். கை வலித்ததுதான் மிச்சம். பிறகு, பத்தியை இருமுறை வாசித்துப் புத்தகத்தை மூடிவிட்டு, அதே செய்தியை நோட்டில் எழுதி, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலானேன்.

கும்பகோணத்தில் 1880இல் அவர் அங்கே முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்திக்கும் பகுதியில்தான் விளங்கத் தொடங்கியது. தாம் பாடங்கேட்ட அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் ஒவ்வொன்றாக அவர் சொல்லிக்கொண்டு போக, முதலியார் அசையவே இல்லை. என் நோட்டில் அந்த இடம், “அவர் ஒரு பெரிய பட்டியலைச் சொன்னார். ஆனால் அது முதலியாருக்கு ஒரு ஆச்சரியத்தைக் கொடுக்கவில்லை” என்றிருந்தது. நூற்பெயர்களெல்லாம் போய், ‘பட்டியல்’ என்ற ஒற்றைச் சொல் வந்து உட்கார்ந்திருந்தது. பெயர்கள் நீண்டுகொண்டே போனால்தானே கேட்பவரின் அலட்சியம் உறைக்கும்! கூடவே அந்த ‘ஒரு’வும் கண்ணில் பட்டது. கிரியோலில் ‘ஒன்று’ என்னும் பொருளுள்ள சொல் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து நிற்கும். அதுதான் என் தமிழில் ‘ஒரு’வாகக் குடியேறியிருந்தது. திரும்பி வந்த கட்டுரையில் எண்ணிப் பார்த்தேன்: 3 பக்கத்தில் 31.

நாலைந்து மாதம் இப்படிப் போனது. “பாட்டி எழுந்தாள். அவள் குளித்தாள். பிறகு அவள் செம்பைக் கழுவினாள்” என்றிருந்தது, “பாட்டி விடியுமுன் எழுந்து குளித்துவிட்டுப் பால்செம்பைப் புளி போட்டுத் துலக்கினாள்” என்றானது. விடியலும் புளியும் எப்போதும் என் நினைவில் இருந்தவைதாம். அந்தத் துண்டு வாக்கியங்களில் அவற்றுக்கு இடமில்லை. தொல்லையும் வராமலில்லை: பள்ளி அறிவிப்பில் “மாணாக்கர்கள் அறிவார்களாக” என்று எழுதிவைத்து, சக ஆசிரியைகள் வாரம் முழுக்க என்னைப் ‘புலவரம்மா’ என்று கூப்பிடும்படி ஆயிற்று.

மாற்றி எழுதிய கட்டுரை மலரில் வந்தது. ‘ஒரு’ 4தான். ஆனால் “ரோஸ் ஹில்லில் பஸ் எடுத்துப் போனோம்” என்பது என் கண்ணுக்கும் தொகுப்பாளர் கண்ணுக்கும் தப்பி அச்சேறிவிட்டது. கிரியோலில் பஸ்ஸை ‘எடுப்பது’தான் வழக்கம். கட்டுரையை வகுப்பில் வாசிக்கக் கொடுத்து, உறுத்தும் இடங்களைக் காட்டச் சொன்னேன். பிள்ளைகள் ஏழெட்டு இடங்களைக் காட்டினார்கள். பஸ்ஸில் ஒருவரும் கை வைக்கவில்லை.