சிவந்துபோன கல்யாண ஆல்பமும் கிம்ப்பும்

எழுபதுகளின் கடைசியிலோ எண்பதுகளின் தொடக்கத்திலோ எடுத்த கலர் கல்யாண ஆல்பம் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் மாப்பிள்ளை, பெண், புரோகிதர், பின்னால் எட்டிப்பார்க்கும் வாண்டுகள் எல்லோரும் செம்மண்ணில் புரண்டு எழுந்த மாதிரி இருப்பார்கள். கலர் பிரிண்டில் சியான், மெஜந்தா, மஞ்சள் என்று மூன்று சாயம். அந்தக் காலத்துத் தாள்கள் பலவற்றில், பீரோவுக்குள் இருட்டில் பத்திரமாக வைத்திருந்தாலும் முதலில் வெளிறுவது சியான்தான். சிவப்பு ஒளியை உறிஞ்சுகிற சாயமும் அதுதான், அது போய்விட்டால் கறுப்பு முடிகூடச் சிவந்துவிடும்.

இதைச் சரிசெய்யப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம், இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் (GIMP) என்ற படம் திருத்தும் மென்பொருள் போதும். ஆனால் ஸ்கேனை ஒழுங்காகச் செய்யுங்கள். கண்ணாடியைத் துடைத்து, போட்டோ மேல் இருக்கும் தூசியை மெதுவாக ஊதிவிட்டு, 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுங்கள். ஆறுக்கு நாலு அங்குலப் படம் அப்போது 3600க்கு 2400 பிக்ஸலாக வரும், இரண்டு மடங்கு பெரிதாகப் பிரிண்ட் போடவும் தாங்கும். ஸ்கேனரோடு வரும் ஆட்டோ கலர், ஷார்ப்பனிங் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். கோப்பை டிஃப் (TIFF) அல்லது பிஎன்ஜி (PNG) வடிவத்தில் சேமித்து, அந்த மூலத்தைத் தொடாமல் அதன் நகலில் வேலை செய்யுங்கள். சொரசொரப்பான சில்க் தாள் என்றால் புள்ளி புள்ளியாக மினுங்கும். அதை ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகவும் ஸ்கேன் செய்து, இரண்டாவதைத் திருப்பி முதல் படத்தின் மேல் லேயராக, அதாவது இன்னொரு அடுக்காக வைத்து ஒளிபுகும் அளவைப் பாதியாக்கினால் மினுக்கம் நன்றாகவே அடங்கும். இரண்டையும் துல்லியமாகப் பொருத்துவதற்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

அப்புறம் லெவல்ஸ், அதாவது படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று ஒரு வரைபடமாகக் காட்டி, அதை மாற்ற விடும் கருவி. என்னைக் கேட்டால் முக்கால்வாசி வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது. முதலில் ஓரத்து வெள்ளை பார்டரை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வரைபடம் தப்பாகக் காட்டும். கலர்ஸ் மெனுவில் லெவல்ஸைத் திறந்து, வேல்யூ என்று இருப்பதை ரெட் என்று மாற்றினால், வரைபடத்தில் மலை மாதிரித் தெரிவது மொத்தமும் வலப்பக்கம் ஒதுங்கி இடப்பக்கம் வெறுமையாகக் கிடக்கும். இடது ஓரத்துக் கறுப்பு முக்கோணத்தை அந்த மலை தொடங்கும் இடம்வரை இழுங்கள். முடி கறுப்பாகும், வாழைமரத்துக்குப் பச்சை திரும்பும், அந்த ஒரு நொடி நிஜமாகவே சந்தோஷமாக இருக்கும். தாள் மஞ்சளடித்திருந்தால் அதே இடத்தில் ப்ளூ என்று மாற்றி, வலது ஓரத்து வெள்ளை முக்கோணத்தை உள்ளே தள்ளுங்கள். எதை வைத்து முடிவு செய்வது என்றால் மாப்பிள்ளையின் வேட்டியைப் பாருங்கள், ஆனால் பளீர் வெள்ளையாக்கிவிடாதீர்கள், மடிப்பெல்லாம் காணாமல் போய்விடும்.

கீறலுக்கும் பூஞ்சைப் புள்ளிக்கும் ஹீல் கருவி. கண்ட்ரோலை அழுத்தியபடி பக்கத்தில் நல்ல இடத்தில் கிளிக் செய்துவிட்டு, புள்ளி மேல் தடவினால் சுற்றியிருக்கும் நிறத்தோடு கலந்துவிடும். புடவைக் கரை, மீசை, கண்ணாடி ஃப்ரேம் மாதிரி அழுத்தமான கோட்டுக்குப் பக்கத்தில் மட்டும் ஹீல் அசிங்கமாக இழுவிவிடும். அங்கே குளோன் கருவிதான் (எடுத்த இடத்தை அப்படியே நகலெடுத்து வைப்பது), சின்ன பிரஷ்ஷில்.

முகத்தில் கை வைக்கும்போது மட்டும் வீட்டுப் பெரியவர் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு புள்ளியைப் பெரிதாக்கி அழிக்கப் போனபோது, "டேய், அது பூஞ்சை இல்லடா, அக்காவுக்கு அங்க மச்சம் உண்டு" என்றார் சித்தி. அம்மைத் தழும்பும் அப்படித்தான், மென்பொருளுக்கு அது குறையாகத் தெரியும், வீட்டில் இருப்பவர்களுக்கு அதுதான் அடையாளம். ஒரே தட்டில் முகத்தைத் தெளிவாக்கித் தரும் செயலிகள் எனக்குப் பிடிக்காததற்கும் இதுவே காரணம். இல்லாத விவரத்தை மீட்க முடியாது, அதனால் அவை புதிதாக ஒன்றை வரைந்து வைத்துவிடுகின்றன. ஆச்சியின் பழைய படம் ஒன்றை அப்படி ஒன்றில் போட்டுப் பார்த்தேன். கண் இமை ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி வந்தது, பாம்படம் காதோடு சேர்ந்து மொழுக்கென்று ஆகியிருந்தது, அந்தம்மா யாரென்றே எனக்குத் தெரியவில்லை. மங்கலாக இருந்தாலும் ஆச்சி ஆச்சியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஃப்ரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைத் தயவுசெய்து பிய்க்காதீர்கள், படப்பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியை நன்றாகத் துடைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, உங்களுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, போனிலேயே நேராக ஒரு படம் எடுங்கள். துணி இருப்பதால் உங்கள் சட்டையும் அறையும் கண்ணாடியில் தெரியாது. அதை வைத்து லெவல்ஸில் தொடங்கலாம்.