கார்ட்ரிட்ஜ் புகை

விடுமுறைக்கு ஆக்ராவிலிருந்து அப்பா திருச்சி வந்து பெட்டியைத் திறந்ததும் இரண்டு வாசனைகள் வரும். ஒன்று, பூசணிக்காயில் செய்கிற அந்த ஊர் மிட்டாய். இன்னொன்று மண்ணெண்ணெய். எத்தனை முறை துவைத்தாலும் அவருடைய நீலச் சட்டைகளை விட்டு அது போகவே போகாது. அப்பா இந்திய விமானப்படையில் என்ஜின் ஃபிட்டர். தாம்பரத்தில் பயிற்சி, அப்புறம் ஆக்ராவில் கேன்பெரா.

கேன்பெரா பிரிட்டிஷ்காரர்களின் முதல் ஜெட் குண்டுவீச்சு விமானம். 1949 மே 13 அன்று முதன்முதலாகப் பறந்தது. இந்தியா 1957இல் வாங்க ஆரம்பித்து, 2007 மே 11 அன்றுதான் ஆக்ராவில் வழியனுப்பி வைத்தது. முழுதாக ஐம்பது வருடம். 1971 டிசம்பர் 3 இரவு ஆக்ரா தளத்தின் மேல் குண்டு விழுந்தபோது அப்பாவுக்கு 21 வயது. பாகிஸ்தானிடம் இருந்த பி-57 விமானமும் அமெரிக்காவில் உரிமம் வாங்கிக் கட்டிய கேன்பெராதான். "ரெண்டு பக்கமும் ஒரே குடும்பம்தான் பாப்பா" என்பார். அந்தப் போரைப் பற்றி அதற்கு மேல் அவர் பேசி நான் கேட்டதில்லை.

ஆனால் என்ஜினைப் பற்றிக் கேட்டால் போதும், சாப்பாடு ஆறிப்போகும் வரை பேசுவார். ஏவன் என்ஜின். கேன்பெராவில் இரண்டு. ஹண்டர் போர் விமானத்தில் ஒன்று. இங்கிலாந்தின் லைட்னிங் போர் விமானத்தில் இரண்டு, அதுவும் பக்கத்தில் பக்கத்தில் இல்லை, ஒன்றின் மேல் ஒன்றாக. ரோல்ஸ் ராய்ஸ் தன் ஜெட் என்ஜின்களுக்கு நதிகளின் பெயரை வைக்கும்: வெல்லண்ட், டெர்வென்ட், நீன், ஏவன். நான் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்துக்கு வேலைக்கு வந்த பிறகு, 2014 கோடையில் அப்பாவும் அம்மாவும் என்னோடு வந்து தங்கினார்கள். ஸ்ட்ராட்ஃபோர்டுக்குக் கூட்டிப் போனேன். அம்மா ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா பாலத்தில் நின்று கீழே ஓடும் தண்ணீரையே பார்த்தார். ஏவன் என்ற பெயரில் இந்த நாட்டில் பல நதிகள் உண்டு. அவருக்கு இது போதுமாயிருந்தது. இறங்கிப் போய்க் கையை நனைத்துக்கொண்டு வந்தார்.

அந்த ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை ப்ரண்டிங்தார்ப் ஓடுபாதைக்குக் கூட்டிப் போனேன். லெஸ்டரிலிருந்து தெற்கே அரை மணி நேரம். போகிற வழியில் லட்டர்வர்த். ஃபிராங்க் விட்டில் தன் ஜெட் என்ஜினை உருட்டித் திரட்டி வளர்த்த ஊர் அது. 1941 மே 15 அன்று க்ரான்வெல்லில் பறந்த பிரிட்டனின் முதல் ஜெட் விமானத்தின் மாதிரி ஒன்று ஊருக்கு வெளியே ரவுண்டானாவில் நிற்கிறது. அப்பா இன்னொரு சுற்று வரச் சொன்னார். மூன்று சுற்று வந்தோம்.

ப்ரண்டிங்தார்ப்பில் நடந்தது வழக்கமான ஏர் ஷோ இல்லை. வானத்தில் ஒன்றும் பறக்காது. பனிப்போர்க் காலத்து ஜெட்களை வருடத்துக்கு ஓரிரு நாள் கிளப்பி, மூன்று கிலோமீட்டர் ஓடுபாதையில் ஓடவிட்டு நிறுத்துவார்கள். பறப்பதற்கு அனுமதி இல்லாத விமானங்கள், ஆனால் உயிர் இருக்கிறது. 2009இல் ஒருமுறை விக்டர் குண்டுவீச்சு விமானம் ஓடும் வேகத்தில் தானாகவே மேலெழும்பி, சில அடி உயரத்தில் பறந்து, புல்வெளியில் பத்திரமாக இறங்கியிருக்கிறது. இதை வேலியோரம் நின்றிருந்த ஒரு பெரியவர் சொன்னபோது அப்பா தலையாட்டினார். "அதுக்குப் பறக்கத் தோணியிருக்கு."

சொந்தப் பணத்தைப் போட்டு, சனி ஞாயிறுகளில் வந்து, துரு சுரண்டி, குழாய் மாற்றி இந்த விமானங்களைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். கைகளைப் பார்த்தாலே தெரியும் என்றார் அப்பா. நகக்கண்ணில் கருப்பு.

சரி, கேன்பெராவுக்கு வருகிறேன்.

நீல நிறத்தில் நின்றது. ஒரு பக்கமாக ஒதுங்கிய கண்ணாடிக் கூடு, பைலட்டுக்கு மட்டும். நேவிகேட்டர் உள்ளே மூக்குப் பக்கம். ஆபத்தில் ஆளோடு வெளியே பாயும் எஜெக்ஷன் சீட் பைலட்டுக்கு உண்டு, நேவிகேட்டருக்குக் கிடையாது. ஆபத்து என்றால் அவர் பக்கக் கதவு வழியாகத்தான் குதிக்க வேண்டும். ஆக்ராவில் இதே வகைதான். அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். என்ஜினின் முன்பக்கம், காற்று உள்ளே போகும் வாயின் நடுவில், தோட்டா முனை மாதிரி ஒரு மூடி இருக்கும். அதற்குள்தான் ஸ்டார்ட்டர். அதில் கார்ட்ரிட்ஜ் போட வேண்டும். பெரிய டப்பா அளவு, உள்ளே கார்டைட் வெடிமருந்து. பைலட் பொத்தானை அழுத்தினால் மருந்து எரிந்து, அந்த வாயு ஒரு சிறிய டர்பைனைச் சுழற்றி, அது என்ஜினைச் சுழற்றிவிடும். பேட்டரி வண்டி, காற்று வண்டி எதற்கும் காத்திருக்க வேண்டாம். வெறும் திடலில் நிறுத்தினாலும் கிளப்பலாம். "வெடிக்கலைன்னா உடனே மூடியைத் திறக்கக் கூடாது. நின்னு எண்ணணும். புதுப் பையன்களுக்கு முதல்ல சொல்லிக் கொடுக்கிறதே அதுதான்."

தரையில் நின்றவர் கையைத் தூக்கிச் சுழற்றினார். டமார் என்று ஒன்று, அதைத் தொடர்ந்து நீண்ட உஸ்ஸ்ஸ். என்ஜினுக்கு அடியிலிருந்து கரும்புகை குபுகுபுவென்று வந்து, புல்மேல் படர்ந்து எங்கள் பக்கம் திரும்பியது. கூட்டத்தில் சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அப்பா நேராக நின்று மூச்சை உள்ளே இழுத்தார். உஸ் சத்தம் அடங்குவதற்குள் அதற்கடியிலிருந்து மெல்லிய ஊளை ஒன்று எழுந்தது. அது கனத்து, காதில் அழுத்தமாக உட்கார்ந்தது. அப்பாவின் உதடு அசைந்தது. ஏதோ எண்ணுகிறார் என்று நினைத்தேன். என்ஜினின் சுற்று வேகத்தைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாராம், காதாலேயே.

ஓட்டம் முடிந்து விமானம் திரும்பி வந்ததும், மூடியைக் கழற்றிய ஃபிட்டரிடம் போய் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எரிந்து முடிந்த கார்ட்ரிட்ஜ் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்து அப்பா கையில் வைத்தார். இன்னும் சூடு இருந்தது. வாய்ப்பக்கம் கரி படிந்து, விளிம்பு நீலமாக வெந்திருந்தது. அப்பா முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். தீபாவளி மறுநாள் காலைத் தெரு மாதிரி ஒரு வாசனை, கூடவே மண்ணெண்ணெய். நான் சிறுமியாக இருந்தபோது திறந்த பெட்டியின் வாசனை.

அதற்கு முன்பே நான் ஏர் ஷோக்களுக்குப் போனவள்தான். ஸ்பிட்ஃபயர் கடந்து போனால் எல்லோரையும் போல எனக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் பளபளவென்று பெயின்ட் அடித்து, கயிறு கட்டி நிறுத்திய விமானங்களுக்கும் இதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மியூசியங்கள் வேண்டும், நானும் டக்ஸ்ஃபோர்டுக்குப் பல முறை போயிருக்கிறேன். ஆனாலும் என்ஜின் ஓடாத விமானத்தில் பாதிதான் நமக்குக் கிடைக்கிறது என்பது என் கட்சி. வாசனையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க முடியாது.

அடுத்த வருடம் அப்பா ஊரில் இருந்தார். நான் ஒரு கடற்கரை ஏர் ஷோவில் வல்கன் எக்ஸ்எச்558 என்ற குண்டுவீச்சு விமானம் பறந்ததைப் பார்த்தேன். பதினான்கு வருடத்துக்கு மேல் ஓய்வில் இருந்து, இதே ப்ரண்டிங்தார்ப்பிலிருந்து 2007 அக்டோபர் 18 அன்று மறுபடி வானேறிய விமானம் அது. மக்கள் கொடுத்த நன்கொடையில் பறந்தது. நான்கு ஒலிம்பஸ் என்ஜின், பெரிய முக்கோணச் சிறகு. வேகத்தைக் கூட்டித் திரும்பும்போது காற்று உள்ளே போகும் வாய்களிலிருந்து ஒரு ஊளை வரும். மனிதக் குரலும் இல்லை, மிருகக் குரலும் இல்லை. போனை உயர்த்திப் பிடித்து அப்பாவுக்குக் கேட்கவைத்தேன். "இது ஏவன் இல்லையே" என்றார் உடனே. பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஆனா நல்லா இருக்கு." 2015 அக்டோபர் 28 அன்று அது கடைசியாகப் பறந்தது. பராமரிப்புக்குப் பொறுப்பேற்ற தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆதரவைத் தொடரவில்லை. அந்த விமானத்தை அறிந்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போடக்கூடிய அனுபவக்காரர்களும் குறைந்துகொண்டே போனார்கள்.

ப்ரண்டிங்தார்ப் ஓடுபாதையில் இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைகள் இல்லை. 2020க்குப் பிறகு அங்கே கார்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. விமானங்களில் பல வேறு இடங்களுக்குப் போய்விட்டன.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. ஞாயிறு மதியம் போன் செய்வார். பேத்தி சாப்பிட்டாளா, குளிர் எப்படி, அம்மாவுக்கு முட்டி வலி என்று எல்லாம் முடிந்ததும், மறக்காமல் ஒன்று கேட்பார்.

"அந்த கேன்பெரா என்ஜினை யாராவது கையால சுத்தி விடுறாங்களா பாப்பா? சும்மா நிறுத்தி வச்சா பேரிங் போயிடும்."